இடது கார்புரேட்டரும் அத்தை வைத்த சந்தனமும்

மாரண்டஹள்ளி,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாயா, அந்த ஊர்க் குளிரில் உனக்கு மூக்கடைப்பு விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் நலம், சித்தப்பா வீட்டில் எல்லோரும் நலம், செவலைப் பசு நலம், என் முட்டி மட்டும் நலமில்லை, அதையும் தைலம் போட்டு வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இது எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது, இல்லாவிட்டால் வார்டில் கூப்பிடுகிறார்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது, ஓடினாலும் அது மேஜைமேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். உன்னோடு வேலை பார்க்கிற தெரசா லீவு முடிந்து கிளம்பும் முன் கடத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறது, தங்கமான பெண், அதன் கையில் கேழ்வரகு மாவும் கொள்ளுப் பொடியும் கொடுத்து இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுவது, கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

ஊர்ச் சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழை பரவாயில்லை, போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தக்காளி காய்த்துத் தள்ளிவிட்டது, அதனாலேயே மார்க்கெட்டில் கேட்பார் இல்லை, சித்தப்பா கோபித்துக்கொண்டு பாதியை மாட்டுக்குப் போட்டார், மாடும் இப்போது தக்காளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தீபாவளி நமக்கு இந்த வருஷம் இல்லை என்பது உனக்குத் தெரியும், நாம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை என்று ஊரே பாவப்பட்டு ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தது, துக்க வீட்டில் இருக்கிற பலகாரம் எந்தக் கல்யாண வீட்டிலும் இருக்காது போல, நான் ஒருத்தி எவ்வளவு தின்பேன், தெரசாவுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உனக்கு வந்து சேர்ந்தால் உன் பாக்கியம்.

இனி வண்டி விஷயம். மாசியில் அப்பாவுக்கு வருஷத் திதி வருகிறது, அதற்காவது வா என்று நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அந்த யமஹா வாசலில் நிற்கிற வரைக்கும் என்னால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது, அதை வித்துடு, அப்புறம் வருகிறேன் என்றாய். நீ ஓட்டப் பழகின வண்டி, அப்பா பின்னால் உட்கார்ந்து கிளட்ச்சு கிளட்ச்சு என்று கத்தின வண்டி, அது உன் கண்ணில் பட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. சரி, மகள் சொல்லிவிட்டாள், விற்றுவிடுவோம் என்று நானும் முடிவு பண்ணினேன். முதலில் வந்தவர் பழைய இரும்புக்காரர். மைக்கில் கூவிக்கொண்டு போனவர் வண்டியைப் பார்த்துவிட்டு நின்று, எடை போட்டு எடுத்துக்கலாங்களா என்றார். எடை போடுகிற சாமான் இல்லைப்பா இது என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் சித்தப்பா விசாரித்து ஓசூரிலிருந்து பிரபாகர் என்று ஒரு பையனைக் கூட்டிவந்தார், பையன் என்றால் தாடி நரைத்த பையன், பழைய வண்டி என்றால் அவருக்கு உயிராம். உதைத்துப் பார்த்தார், வண்டி உறுமக்கூட இல்லை. அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார், "ஓடினா இப்டியே ஓட்டிக்கிட்டுப் போய் வச்சிக்குவேங்கம்மா, ஓடலன்னா பிரிச்சி என்கிட்ட இருக்கிற இன்னொரு வண்டிக்குப் போட்டுக்குவேன், ரெண்டுல ஒண்ணு" என்று. ஆயுத பூஜை கழிந்து வருகிற ஞாயிறு வருகிறேன், அதற்குள் முடிந்தால் பாருங்கள் என்று போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை கலை. விற்பதில் எனக்கு வருத்தமில்லை, அது உன் பேச்சு, நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் டேங்க் ஒரு வண்டிக்கு, சக்கரம் ஒரு வண்டிக்கு என்று பிரித்துப் போடுவதற்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை. போனால் சத்தத்தோடு போகட்டும் என்று நினைத்தேன். சித்தப்பா, "பாலக்கோட்டுல மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போயிடலாங்க அண்ணி" என்றார், தள்ளிக்கொண்டும் போனார், அந்த மெக்கானிக் கார்புரேட்டர் இரண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்று இருந்தாலே தலைவலி, விட்டுவிட்டுப் போங்கள், பொங்கலுக்கு மேல் பார்க்கிறேன் என்றாராம். பொங்கலுக்கு மேல் பார்த்து யாருக்கு ஆக. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வருஷா வருஷம் கோடையில் உன் அப்பா அதைக் கழற்றிப் பிரித்து மாட்டும்போது டார்ச் பிடித்ததும் சாமானைக் கழுவிக் கொடுத்ததும் யார், நான்தானே. டார்ச்சை நேராகப் பிடிக்கத் தெரியாதா, எங்கே பராக்குப் பார்க்கிறாய் என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். அத்தனை திட்டும் வாங்கினவளுக்கு வேலை தெரியாமலா போய்விடும்.

அதனால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா ஸ்பேனர் பிடிக்கிற கை, நான் சொல்கிற வாய். அப்பா செய்கிற மாதிரியே இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து வைத்தேன், இடது கார்புரேட்டர் சாமானெல்லாம் என் பிறந்த வீட்டுப் பெயர் வெட்டின தட்டில், வலது சாமானெல்லாம் அத்தை உன் காதுகுத்துக்குச் செய்த தட்டில். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் சாமான் ஒன்றில் கலக்கக் கூடாது, கலந்தால் இரண்டும் முறைத்துக்கொள்ளும் என்பார் அப்பா. இடதுதான் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொள்ளும், "இது உன் அம்மா மாதிரிடி, தொட்டாப் பத்திக்கும்" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கும். அடியில் இருக்கிற கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் காய்ந்து அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது, நாற்றமும் சொல்ல முடியாது. மிதவை அப்படியே கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தளையில் பொடிப்பொடியாக ஓட்டை வைத்த ஜெட்டு இருக்கிறதே, அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும், அதில் வெளிச்சமே தெரியவில்லை. சித்தப்பா ஊக்கை எடுத்துக் குத்தப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன். ஊக்கால் குத்தினால் ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும், அப்பா அதற்காக ஒருமுறை ஒருநாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தார். பெட்ரோலில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, மறுபடி ஊறவைத்து, இப்படியே போயிற்று. உளுத்துப்போன ரப்பரும் பெட்ரோலை அளந்து விடுகிற முள்ளும் புதிதாகப் போட வேண்டியிருந்தது, அதைப் பிரபாகரே ஓசூரிலிருந்து பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார், அந்த விதத்தில் நல்ல மனுஷன்தான்.

எல்லாம் சுத்தமாகி, கார்புரேட்டர் உடம்பு இரண்டையும் தட்டுகளில் வைத்துத் துணி போட்டு மூடினது ஆயுத பூஜைக்கு முதல் நாள். மறுநாள் தக்காளி பறிக்க ஆள் வந்ததால் நானும் சித்தப்பாவும் காட்டுக்குப் போய்விட்டோம், நமக்குத்தான் பூஜை கிடையாதே. அந்த நேரம் பார்த்து உன் காசியம்மா அத்தை பென்னாகரத்திலிருந்து வந்திருக்கிறார். கட்டிக் கொடுத்துப் போனவர், அவருக்கு நம் தீட்டு இல்லை, அவர் கும்பிடலாம். வந்து பார்த்தவர், தம்பி வண்டி பொட்டு இல்லாமல் கிடக்கிறதே என்று மனசு பொறுக்காமல் பையிலிருந்து சந்தனக் கட்டையை எடுத்து, நம் வீட்டுக் கல்லிலேயே உரசி, வண்டிக்குப் பட்டை போட்டு, ஸ்பேனருக்கு வைத்து, மண்வெட்டிக்கு வைத்து, மோட்டார் ஸ்டார்ட்டருக்கு வைத்து, கடைசியில் துணியைத் தூக்கிப் பார்த்துத் தட்டில் இருந்ததற்கும் வைத்திருக்கிறார். நான் வந்து என்ன இது என்று கேட்டால், "ஏம்மா, வூட்டுக்காரங்கதான் கும்பிடக் கூடாது, சாமானு என்ன பாவம் பண்ணுச்சு" என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் நிறைவாகத்தான் இருந்தது. பொட்டைத் துடைக்காமல் அப்படியே எடுத்து மாட்டினோம்.

மாட்டின பிறகு இரண்டையும் ஒருமிக்க வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே உருளை மாதிரி ஒன்று மேலே ஏறும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். அப்பா அதற்கு மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, துடைப்பத்திலிருந்து ஒரே பருமனில் இரண்டு ஈர்க்குச்சி உருவி ஆளுக்கு ஒன்றாக அந்த உருளைகளின் அடியில் கவ்வக் கொடுப்பார், மெதுவாகத் திருகும்போது இரண்டு குச்சியும் ஒன்றாகத் தலை சாய வேண்டும், ஒன்று முந்தினால் அந்தப் பக்கத்துக் கேபிளைக் கொஞ்சம் விட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். சித்தப்பா திருக, நான் மண்டிபோட்டுக் குச்சியைப் பார்க்க, "சாயுதா அண்ணி, சாயுதா அண்ணி" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, அத்தை பக்கத்தில் நின்று, "புதுத் தொடப்பத்துல உருவறியே பொண்ணே, அப்புறம் எதுல கூட்டுவ" என்று கவலைப்பட்டார்.

எல்லாம் ஆகி உதைத்தால் வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் பாதி. நொண்டி மாதிரி டொக்கு டொக்கு என்று ஒரே பக்கம் ஓடுகிறது, நிற்கவிட்டால் அணைந்துபோகிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நான் தோசைக்கல்லுக்குத் தெளிக்கிற மாதிரி இரண்டு சைலன்சர் குழாயிலும் தண்ணீர் தெளித்தேன். வலது பக்கம் சுர்ரென்றது, தோசையே ஊற்றலாம். இடது பக்கம் தண்ணீர் அப்படியே வழிந்தது. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கறுப்பாக இருக்கிறது. புது பிளக் போட்டோம், அதுவும் நனைந்தது. குச்சியை மறுபடி வைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் சாய்ந்தது. சித்தப்பா உதைத்து உதைத்து ஒரு செருப்பு பறந்து தக்காளிக் கூடைக்குள் விழுந்தது, அதை எடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை, "அண்ணி, பிரிச்சே எடுத்துக்கிட்டுப் போகட்டும் விடுங்க" என்று கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். ஞாயிறுக்கு முன்னால் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பால் கறந்துவிட்டு நானே இடது கார்புரேட்டரை மட்டும் கழற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். அதன் வாயைப் பார்த்திருப்பாய், காற்று போகிற பக்கம், பெரிய வட்டம், அந்த விளிம்பில் அடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு, வண்டி சும்மா நின்று ஓடும்போது அது வழியாகத்தான் காற்று போகும். அது அடைத்தால் காற்று இல்லாமல் பெட்ரோல் மட்டும் போய் பிளக்கு நனையும். அந்த ஓட்டையில் வாய் வைத்து ஊதினேன். காற்றும் போகவில்லை, பெட்ரோல் வாசனையும் வரவில்லை, கோயில் வாசனை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது கலை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்பா போன பிறகு இப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அத்தையைக் கூப்பிட்டு எங்கே பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். வலது குப்புறக் கிடந்ததாம், முதுகில் வைத்தாராம். இடது மல்லாக்கக் கிடந்து வாயைக் காட்டிக்கொண்டிருந்ததாம், விளிம்பில் இருந்த ஓட்டை பொட்டு வைக்கவே விட்ட இடம் மாதிரி இருந்ததாம், நன்றாக அழுத்தி வைத்தேன் என்று பெருமையாகவே சொன்னார். உரசின சந்தனம் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், பெட்ரோலில் எத்தனை போட்டாலும் அது கரையாது, அது தண்ணீர்ச் சாமான். சுடுதண்ணீர் வைத்து ஊற்றி ஊற்றிக் கரைத்து, பம்ப்பால் அடித்தேன், சொதுக்கென்று சந்தனம் என் முகத்திலேயே வந்து அடித்தது. அத்தை முகம் வாடிப்போய், "என்னால தம்பி வண்டி நின்னு போச்சா" என்று கண் கலங்கினார். நல்லதுக்குச் செய்ததுதானே, விடுங்க நாத்தனாரே என்று நான்தான் டீ போட்டுக் கொடுத்துத் தேற்றினேன்.

மாட்டி உதைத்ததும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம். நான் அழப்போகிறேன் என்றுதான் நினைத்தேன், முந்தானையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் செவலை அந்தச் சத்தத்தை மறந்துபோயிருந்தது போல, மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, அதைத் துரத்திப் பிடித்துக் கட்டி வருவதற்குள் அழுகை எங்கேயோ போய்விட்டது. மறுநாள் பிரபாகர் வந்தார், விலையெல்லாம் சித்தப்பா பேசிக்கொண்டார், அது எனக்கு வேண்டாம். நான் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் விடாதே, ஓட்டையை ஊக்கால் குத்தாதே, இடது எப்போதும் ஒரு மயிரிழை முந்தும், அதைத் திருத்தப் போகாதே, அது அப்படித்தான் என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு ரவுண்டு வாங்கம்மா, ஏறி உட்காருங்கள் என்று மரியாதைக்குக் கூப்பிட்டார். அந்த சீட்டில் வேறு ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் எனக்கு உட்கார வரவில்லை, வேண்டாம்பா, நீ போ என்றேன். எனக்குப் பதில் சித்தப்பா ஏறிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டு, தக்காளி வேனில் தொற்றிக்கொண்டு திரும்பினார். வண்டி போகிற சத்தம் ஏரிக்கரை தாண்டியும் கேட்டது, பிசிறே இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பேசிக்கொண்டு போனது. ஆக, நீ சொன்னபடி வாசல் காலி. அங்கே இப்போது தக்காளிக் கூடை அடுக்கியிருக்கிறோம்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உனக்குப் பயம் வண்டியைப் பார்க்க இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா போன மறுநாள் அத்தை போனைப் பிடுங்கி, "உன்னத் தேடித் தேடித்தாண்டி என் தம்பி உசுரு போச்சு" என்று உன்னிடம் அழுதார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. அதற்குப் பிறகு உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை பார்த்தேன், நீ போனை வைத்துவிடுகிறாய். இப்போது கேள். அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான், அத்தை வந்து சேர்ந்தது மறுநாள் விடிந்துதான். சாயங்காலம் கஞ்சி குடித்தார். கேன்டீன் டீ கழுநீர் மாதிரி இருக்கிறது, காலையில் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் கொண்டு வரச் சொல்லு என்றார். திரும்பிப் படுத்துத் தூங்கினார். அவ்வளவுதான், தூக்கத்திலேயே போய்விட்டார். உன்னைத் தேடவில்லை கலை. என்னையும் தேடவில்லை. அவர் தேடினது நல்ல டீயைத்தான். நீ நல்ல இடத்தில் நல்லபடியாக இருக்கிறாய் என்று அவருக்கு நிம்மதி, உன்னைப் பற்றி ஒரு கவலையும் அவர் வாயில் அன்றைக்கு வரவில்லை, இது சத்தியம். நீ வராததால் யாரும் இங்கே காத்துக்கொண்டே கண்ணை மூடவில்லை. அத்தையையும் கோபித்துக்கொள்ளாதே, தம்பி போன துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார், தான் சொன்னது உன்னை இத்தனை மாதம் அங்கேயே அடைத்துப் போட்டிருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

மாசியில் வா. சித்தப்பா பெங்களூருக்குக் கார் வைத்துக்கொண்டு வந்து நிற்பார், டிக்கெட் போட்டுவிட்டுத் தேதி மட்டும் சொல்லு. அந்தக் கனத்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே அப்போது வெயில் ஏறியிருக்கும். கேழ்வரகு மாவில் வண்டு விழும் முன் களி கிண்டிச் சாப்பிட்டுவிடு, தெரசாவுக்கும் கொடு. ராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் படுக்காதே. குலதெய்வமும் உன் அப்பாவும் உனக்குத் துணை இருப்பார்கள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வந்ததும் ஃப்ளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு அப்பாவைப் புதைத்த இடத்துக்கு நாம் இரண்டு பேரும் போய்விட்டு வருவோம், நான் இதுவரைக்கும் கொண்டு போகவில்லை, தனியாகப் போகத் தோன்றவில்லை.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா
பெரியம்மாள்